கடைக்குப் போகும் முன் பரணைப் பாருங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்று பிள்ளைகள் புத்தகப் பையைக் கொண்டுவந்து போடும் இடம் பெரும்பாலான வீடுகளில் கூடத்து மூலைதான். ஒரு வாரம் அது அங்கேயே கிடக்கும். பிறகு யாராவது எடுத்து அப்படியே பரணில் ஏற்றிவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே போன வருஷத்துப் பை இருக்கும், அதற்குப் பின்னால் அதற்கும் முந்தைய வருஷத்துப் பை. ஜூன் பிறந்ததும் புது நோட்டு, புது ஜாமெட்ரி பாக்ஸ் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்புவோம். பரணில் என்ன இருக்கிறது என்பது அன்றைக்கு யாருக்கும் நினைவு வராது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. போன மே மாதம், ஏழாம் வகுப்பு முடித்திருந்த மகளும் நானும் பரணிலிருந்த மூன்று பைகளையும் இறக்கினோம். கூடத்தில் பழைய பாயை விரித்து ஒவ்வொன்றாகக் கொட்டி எண்ணினோம். எழுதும் நிலையிலிருந்த பேனா 23. பாதிக்கு மேல் மிச்சமிருந்த பென்சில் 17. ரப்பர் 9, ஸ்கேல் 6. ஜாமெட்ரி பாக்ஸ் மூன்று. இரண்டில் காம்பஸ் இல்லை, ஒன்றில் காம்பஸைத் தவிர வேறொன்றும் இல்லை. நோட்டுகள் 31. அவற்றில் கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்தவை நான்கே நான்கு.

"அம்மா, இதெல்லாம் நம்மகிட்டயே இருந்துச்சா?" என்று கேட்டாள் மகள்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. வீட்டை அடைத்துக்கொண்டு கிடப்பவற்றில் பெரும்பகுதி, இருப்பதே மறந்துபோன நல்ல பொருள்கள். அவற்றை எண்ணிப் பார்த்து, அடுத்து யாருக்குப் பயன்படுமோ அவர்களிடம் சேர்ப்பதுதான் விடுமுறையில் வீட்டை ஒழுங்குபடுத்துவதன் பொருள்.

காகிதத்தின் மேல் ஒரு மரியாதை

நம் வீடுகளில் காகிதம் சேர்வதற்குத் தனிக் காரணம் உண்டு. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். சரஸ்வதி பூஜையன்று அதையே அடுக்கிப் பொட்டு வைக்கிறோம். அதனால் எழுதி முடித்த நோட்டைக்கூடத் தூக்கிப்போட மனம் வருவதில்லை. அந்த மரியாதை இருக்க வேண்டியதுதான். ஆனால் ஆறு வருஷம் பரணில் தூசியும் இராமபாணப் பூச்சியும் தின்னவிடுவது மரியாதை ஆகாது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் 2012-13ஆம் கல்வியாண்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பையின் சுமை குறைந்தது நல்ல விஷயம். ஆனால் ஒரே பாடத்துக்கு வருஷத்தில் மூன்று புத்தகம் என்றானபோது, பருவம் முடிந்த புத்தகங்கள் அலமாரி, மேசை, கட்டிலடி என்று வீடெங்கும் தங்கிவிட்டன.

கத்திரி வெயில் ஒரு வசதி

பழையதைக் கழிக்கப் போகி இருக்கிறதே என்று தோன்றும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நிஜமான போகி மே மாதம்தான். அப்போதுதான் ஒரு வகுப்பு முடிந்திருக்கும், அடுத்தது தொடங்கியிருக்காது. கத்திரி வெயிலும் கைகொடுக்கும். பாய், தலையணை, புத்தகப் பை எல்லாம் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். புத்தகங்களை மட்டும் நேர் வெயிலில் போட வேண்டாம், தாள் மஞ்சளாகி வளைந்துவிடும். காற்றோட்டமான நிழலில் பிரித்து நிறுத்தினால் போதும். திரும்ப அடுக்கும்போது காய்ந்த வேப்பிலையோ, துணியில் முடிந்த வசம்போ வைக்கலாம்.

பரணில் பெரியவர்களே ஏறட்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நெடுநாள் அசைக்காத மூட்டைக்கடியில் தேளும் பூரானும் இருக்கும், கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு இறக்குங்கள். ஒரு நாளைக்கு ஒரு பை அல்லது ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் சலிப்பு வராது.

நான்கு குவியல்

இறக்கியதை நான்காகப் பிரித்தோம்: ஜூனுக்கு வேண்டியது, பிறருக்குத் தருவது, எடைக்குப் போடுவது, பத்திரமாக வைப்பது.

முதல் குவியலில்தான் அதிக வேலை. பேனாவை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்க்க வேண்டும். ரீஃபில் தீர்ந்தவற்றுக்கு ரீஃபில் மட்டும் வாங்கினால் போதும். பையில் ஜிப் மட்டும் போயிருந்தால் தெருமுனையில் தைப்பவரிடம் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் வரும்.

எழுதாத பக்கங்களை ரஃப் நோட்டாக்கும் வேலை ஒரு தலைமுறைக்கு முன் வீட்டுக்கு வீடு நடந்தது. நடுவில் பின் அடித்த நோட்டில் கடைசித் தாளும் முதல் தாளும் ஒரே தாளின் இரண்டு பாதிகள். கடைசித் தாளைப் பிடித்து இழுத்தால் முன்னாலுள்ளதும் கழன்றுவரும். அதனால் ஸ்கேலை வைத்து, மடிப்பை ஒட்டி பிளேடால் அறுத்து எடுத்தோம். எடுத்த தாள்களைத் தரையில் தட்டிச் சமமாக்கி, இடது ஓரத்தில் அரை அங்குலம் உள்ளே தள்ளிக் கோணி ஊசியால் மூன்று துளை போட்டோம். நடுத்துளையில் நூல் நுழைந்து, மேல்துளை வழியாக மறுபக்கம் போய், நீளமாகக் கீழ்த்துளைக்கு வந்து, மீண்டும் நடுத்துளையில் வெளியே வரும். அங்கே ஒரு முடிச்சு. பழைய மாதக் காலண்டர் தாளை மைதாப் பசை தடவி ஒட்டியதும் அட்டையும் ஆயிற்று. நான் இரண்டு தைத்துக் காட்டினேன், மீதி நான்கை அவளே தைத்தாள்.

இரண்டாவது குவியலில் ஒரு கவனம் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, ஜாமெட்ரி பாக்ஸ் ஆகியவற்றை அரசே தருகிறது. நம் வீட்டில் மிஞ்சியதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்குவதைவிட, என்ன தேவை என்று தலைமையாசிரியரிடம் முதலில் கேட்பது நல்லது. கதைப் புத்தகம், அகராதி, வண்ணப் பென்சில் என்று அவர் சொல்லக்கூடும். கிளை நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். 2018 முதல் பாடநூல்கள் படிப்படியாக மாறிவிட்டதால் அதற்கு முந்தைய புத்தகங்கள் பள்ளிக்கு உதவாது. ஆனால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் பழைய பாடநூல்களையும் தேடிப் படிக்கிறார்கள். தெருவில் அப்படி ஒருவராவது இருப்பார், விசாரியுங்கள். எதைக் கொடுத்தாலும் துவைத்து, துடைத்து, நம் பிள்ளைக்கே கொடுப்பதுபோலக் கொடுக்க வேண்டும். பொத்தான் அறுந்த சட்டை என்றால் நாமே தைத்துக் கொடுப்போம்.

எடைக்குப் போடும்போது பிளாஸ்டிக் உறை, ஸ்பைரல் கம்பி ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் காகிதம் காகிதமாகவே மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும். கால்குலேட்டர், பொம்மைகளிலிருந்து எடுக்கும் பேட்டரிகளைக் குப்பையோடு கலக்காமல் தனியே சேர்த்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

கட்டுவதற்கு முன் ஒருமுறை பிரியுங்கள்

நான்காவது குவியலைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் எங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்காரர். சில வருஷங்களுக்கு முன் அவசரமாகக் கட்டிக் கொடுத்த கட்டை, தராசில் வைப்பதற்கு முன் அவர் பிரித்துப் பார்த்தார். நடுவிலிருந்து ஒரு கவரை உருவி, "இது பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ். இதையா எடைக்குப் போடுறீங்க?" என்று நீட்டினார். அன்றிலிருந்து மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் எங்கள் வீட்டில் ஒரே ஃபைலில், ஒரே இடத்தில் இருக்கின்றன.

தாத்தா காலத்துக் காகிதங்கள் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே. சாமிநாதையர் துடித்ததை அவரே எழுதியிருக்கிறார். மறுபுறம், கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் கழித்ததையும் சேர்த்துவைத்தார். 1994-ல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அந்தச் சேகரிப்பின் மேல் எழுந்ததுதான். உங்கள் பரணிலும் ஒரு பழைய நாடக நோட்டீஸோ, கொள்ளுத்தாத்தாவின் கணக்குப் புத்தகமோ இருக்கலாம். கட்டுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

பிள்ளையின் கை முடிவு செய்யட்டும்

பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும்போது சத்தமில்லாமல் எல்லாவற்றையும் கழித்துவிடுவது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். நமக்குக் கிழிசலாகத் தெரியும் ஒரு தாளில் அவர்களுக்கு ஒரு வருஷமே இருக்கும். ஒரு வகுப்புக்கு ஒரு கவர் என்று கொடுத்து, "இதுக்குள்ள கொள்ற அளவு உனக்குப் பிடிச்சதை வச்சுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். என் மகள் வெகுநேரம் யோசித்தாள். முதல் வகுப்பிலிருந்து அவள் எடுத்துவைத்தது, 'அ' எழுதி எழுதி அழித்ததில் ஓட்டையாகிப்போன ஒரே ஒரு பக்கம். பரிசு வாங்கிய ஓவியத்தை அவள் தொடவில்லை. நானாக இருந்திருந்தால் ஓவியத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத்தான் எடைக்குப் போட்டிருப்பேன்.

ஜூன் மாதம் கடைக்குக் கொண்டுபோன பட்டியலில் பிரவுன் ஷீட், லேபிள், நாலு ரீஃபில், பள்ளியில் கேட்ட ஆறு நோட்டு மட்டுமே இருந்தன. பட்டியலின் அடியில் அவளே ஒன்று சேர்த்திருந்தாள்: 'எனக்குப் பிடித்தது ஒன்று.' வகுப்பின் முதல் நாளில் கையில் புதிதாக ஏதாவது இருக்கும் சந்தோஷத்தைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கக் கூடாது. கடையில் வரிசையாக அடுக்கியிருந்த பவுச்சுகளைத் திறந்து மூடி, வெகுநேரம் பார்த்து, நீல நிறத்தில் ஒன்றை எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து இறங்கிய பென்சில்களைச் சீவி, ஒவ்வொன்றாக அதில் அடுக்கினாள்.