விடுதி எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது?

கடற்கரை ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்தேன் என்று நம் சங்கத்து நண்பர்களிடம் சொன்னதும், "உமக்கு எதுக்கய்யா இந்த வயசுல?" என்று சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். மும்பையில் 31 ஆண்டுகள் தணிக்கைப் பணி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடல் பார்க்க ஆசை வந்தால் தாதரில் இறங்கி சிவாஜி பார்க் பக்கம் நடந்தால் போதும். ஆனால் எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு மகள் முந்திக்கொண்டு, கோவாவின் காண்டோலிம் கடற்கரையில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டாள். "ஒரு தடவையாவது ராஜா மாதிரி இருந்துட்டு வாங்கப்பா" என்றாள். மறுக்க முடியவில்லை.

மலர்க்குழு என்னிடம் கட்டுரை கேட்டபோது, அங்கே பட்டறிந்ததையும் திரும்பி வந்து படித்தறிந்ததையும் சேர்த்து எழுதலாம் என்று தோன்றியது. அன்பர்கள் பலரும் விடுமுறைக்குக் கோவா போகிறவர்கள். அவர்களுக்கு உதவும். இதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

கட்டணத்தில் எது அடக்கம்?

1998-ல் கொங்கண் ரயில் பாதை முழுவதும் திறந்த பிறகு மும்பைவாசிகளுக்குக் கோவா ஒரு பகல் பயணம் ஆகிவிட்டது. சென்ற டிசம்பர் முதல் வாரம், காலையில் மாண்டவி எக்ஸ்பிரஸ் ஏறி, திவிம் நிலையத்தில் இறங்கி, மாபுசா வழியாக விளக்கு வைக்கும் நேரத்துக்கு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். கழுத்துக்கு மாலை, குடிக்க இளநீர், கையில் ஒரு காகிதப் பட்டை. அந்தப் பட்டையைக் கழற்றக்கூடாதாம். "ஆஸ்பத்திரியில கட்டுற மாதிரில்லா இருக்கு" என்றாள் என் மனைவி.

தணிக்கைக்காரன் முதலில் பார்ப்பது ரசீதைத்தான். விடுதிக் கட்டணத்தில் சில சுருக்கெழுத்துகள் வரும். ‘இ.பி.’ என்றால் அறை மட்டும். ‘சி.பி.’ என்றால் அறையும் காலைச் சிற்றுண்டியும். ‘எம்.ஏ.பி.’ என்றால் சிற்றுண்டியோடு இன்னொரு வேளைச் சாப்பாடு. ‘ஏ.பி.’ என்றால் மூன்று வேளையும். இது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும் நாளில் ரசீதைப் பார்த்து மூச்சடைத்துப் போனவர்கள் உண்டு. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேரும். மகள் கட்டியது சி.பி. ஆகவே காலையில் மட்டும் ராஜா, மதியம் தெருமுனைக் கடையில் மீன்சோறு.

சும்மா சொல்லக்கூடாது, இடம் கலகலப்பானதுதான். நீச்சல் குளத்தில் பந்து விளையாட்டு, புல்தரையில் பாட்டுக்கச்சேரி, குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருந்தது. முதல் இரவு ஒரு கல்யாணக் கும்பலின் ஆட்டம் பாட்டம் பதினொன்றரையைத் தாண்டியும் ஓயவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அன்பர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மூடிய மண்டபத்துக்குள், சத்தம் வெளியே வராமல் வைத்துக்கொள்ளலாம். திருவிழாக் காலங்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் கிடையாது.

மறுநாள் காலை வரவேற்பு மேசையில் இதைப் பணிவாக எடுத்துச் சொன்னேன். அன்றிரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நின்றது. எட்டிப் பார்த்தால், நூறு பேர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஆடுகிறார்கள்! கோவாவில் இது இப்போது வழக்கமாம். என் மனைவி பால்கனியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த 200 மீட்டர்

1961-ல் போர்த்துக்கீசியரிடமிருந்து விடுபட்டபோது இந்தக் கரை முழுவதும் மீனவர் ஊர்களும் தென்னந்தோப்புகளும்தான். பிறகு வெளிநாட்டு இளைஞர்கள் வந்தார்கள். 1612-ல் கட்டிய அகுவாடா கோட்டையின் நிழலில் 1974-ல் தாஜ் குழுமத்தின் சொகுசு விடுதி எழுந்தது. 1983-ல் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்கள் கோவாவில் கூடி ஓய்வெடுத்த பிறகு இந்தக் கரையின் பெயர் உலகெங்கும் பரவியது. அகுவாடாவிலிருந்து பாகா வரை வரிசையாக விடுதிகள் வந்தன.

கட்டடம் கடலுக்குள்ளேயே இறங்கிவிடாமல் தடுத்தது எது? 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையைக் கட்டடங்கள் இல்லாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது கடல்நீர் நிலத்தில் எதுவரை ஏறி வருகிறதோ, அந்த எல்லைதான் உயர் ஓதக் கோடு. இந்தக் கருத்து 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையாகச் சட்ட வடிவம் பெற்றது. அதன்படி, ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 200-லிருந்து 500 மீட்டருக்குள் அனுமதி பெற்று விடுதி கட்டலாம். ஆனால் இரண்டு தளம், 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கூடாது. மணல்மேட்டைச் சமன் செய்யக்கூடாது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே, பொதுமக்கள் கடலுக்குப் போக குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட வேண்டும்.

அந்த அறிவிக்கைக்குப் பதிலாக 2011-லும் பிறகு 2019-லும் புதிய அறிவிக்கைகள் வந்தன. 2019-ன் அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில் 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. அந்தந்த மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தால்தான் இது நடைமுறைக்கு வரும். கோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. விடுதியின் புல்தரை எங்கே முடிகிறதோ, அதற்கு அப்பால் அலை வந்து போகும் மணல் யாருடைய தனிச்சொத்தும் அல்ல.

கோவாவிலேயே இதற்கு ஒரு வழக்கு உண்டு. டோனா பாவ்லா அருகே ஒரு விடுதியைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும் வழி பற்றிய வழக்கு அது. 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக அறங்காவலரைப் போலக் காக்க வேண்டும் என்ற கோட்பாட்டை எடுத்துரைத்து, மக்கள் கடலுக்குப் போகும் வழியை அடைக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

மணலும் கொடியும்

தொல்காப்பியர் நெய்தலை அடையாளம் காட்டும்போது, நீரை விட்டுவிட்டு மணலையே சொல்கிறார். அதன் பொருள் எனக்கு விளங்கியது இரண்டாம் நாள் காலையில்தான். புல்தரைக்கும் கடலுக்கும் நடுவே ஆளுயர மணல்மேடு ஒன்று. சங்க நூல்கள் ‘எக்கர்’ என்று சொல்லும் மணல். அதன்மேல் ஊதாப்பூக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. தோட்டக்காரர் அதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் பிறந்தவள். பார்த்ததுமே, "இது அடம்பங்கொடில்லா, இத எதுக்குப் பிடுங்குதாரு?" என்றாள்.

அடும்பு என்று சங்க நூல்கள் சொல்லும் கொடிதான் அது. இரண்டாகப் பிளந்த அதன் இலையைக் கண்ட குறுந்தொகைப் புலவருக்கு மானின் குளம்படி நினைவுக்கு வந்தது. லின்னேயஸ் வைத்த இலத்தீன் பெயருக்கோ ‘ஆட்டின் பாதம்’ என்று பொருள். இந்தக் கொடியும், நம் பக்கம் இராவணன் மீசை என்று சொல்லும் முள்புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அப்படித்தான் மேடு வளர்கிறது. மழைக்காலத்து அலை கரையை அரிக்கும்போது, இந்த மேடு தன்னிடமுள்ள மணலைக் கடலுக்குக் கொடுத்து, பின்னாலுள்ள நிலத்தைக் காக்கிறது. மழை ஓய்ந்த பின் அலை அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கிறது. கொடியைப் பிடுங்கினால் அந்த வரவு செலவே நின்றுபோகும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோவாக் கரைகளில் 2008 முதல் உயிர்காப்பாளர்கள் பணியில் இருக்கிறார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகளுக்கு நடுவே அவர்கள் பார்வையில் குளிக்கலாம். கரையில் மோதிய நீர் ஓரிடத்தில் ஒன்றுகூடி, வாய்க்கால் போலக் கடலை நோக்கிப் பாய்வது உண்டு. அதில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அந்த இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

என் தவறு

இரண்டாம் நாள் மாலை மணலில் சாய்வு நாற்காலி போட்டுக் கிடந்தேன். பாசிமணி விற்கும் லம்பாணிப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். தலையில் மீன்கூடையோடு இரண்டு பெண்கள் குறுக்கே நடந்து, விடுதியின் பக்கவாயில் வழியாகச் சாலைக்குப் போனார்கள். மீன் தண்ணீர் என் நாற்காலிமேல் சொட்டியது. எனக்குக் கோபம். வரவேற்பு மேசைக்குப் போய், "இவ்வளவு வாடகை வாங்குகிறீர்கள், கண்டவர்களும் உள்ளே வருகிறார்களே, இதைக் கவனிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். இந்த வார்த்தைகளை எழுதவே இப்போது கூசுகிறது.

மூன்றாம் நாள் விடியற்காலை என் மனைவி தனியாக நடக்கப் போனாள். சற்றுத் தள்ளி மீனவர்கள் கரையில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொங்கணியில் அதற்கு ‘ரம்பொண்’ என்று பெயர். படகில் கொண்டுபோய் அரைவட்டமாகப் போட்ட பெரிய வலையை, இரு முனையிலும் ஆட்கள் நின்று கயிற்றால் இழுப்பார்கள். விசைப்படகுகள் தங்கள் மீனை அள்ளிப் போகின்றன என்று 1970-களில் மடானி சல்டான்ஹா முதலியோர் தலைமையில் போராடியவர்கள் இந்த ரம்பொண்காரர்கள்தான். "நம்மூரு கரைவலைல்லா இது!" என்று இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிட்டாள். கைகொடுத்தவர்களுக்கும் பங்கு தருவது அந்தத் தொழிலின் வழக்கம். முந்தானையில் இரண்டு கை மீன் போட்டார்கள்.

அந்த மீனோடு பக்கவாயிலுக்கு வந்தவளைக் காவலாளி மறித்துவிட்டார். நூல்சேலை, ஈரக்கால், முந்தானையில் மீன். கைப்பட்டையை முந்தின நாளே கழற்றி வைத்திருந்தாள். "இதர் ஸே நஹீம், மாயீ" என்றாராம். அறை எண்ணைச் சொல்லியும் நம்பவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நான் தேடிப் போனபோது, கூடைக்காரப் பெண்களோடு வாயிலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து மராத்தியும் இந்தியும் கலந்து பேசிக்கொண்டிருந்தாள்.

மேலாளர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். "நேற்று ஒரு விருந்தாளி புகார் சொன்னதால்தான் அந்த வாயிலில் கண்டிப்பாக இருக்கச் சொன்னோம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன். இரவு விருந்து இலவசம் என்றார். என் மனைவி அதைக் காதில் வாங்காமல், "எனக்கு விடுங்க, நான் உங்க விருந்தாளி. இவங்க இனிமே எந்த வழியா ரோட்டுக்குப் போவாங்க?" என்று இந்தியில் கேட்டாள். பொதுவழி பக்கத்திலேயே இருக்கிறது என்றார் அவர். போய்ப் பார்த்தோம். இருந்தது. அதன் வாயில் பூந்தொட்டி வரிசையும் இரண்டு விருந்தினர் கார்களும் நின்றன. ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். கூடையோடு போக முடியாது.

விடுதியின் கருத்துப் படிவத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தணிக்கைக் குறிப்பு எழுதிப் பழகிய கைதானே! 20 மீட்டர் விதியையும் 2009 தீர்ப்பையும் பின்னர் விவரமாகப் படித்துக்கொண்டு, ஊராட்சிக்கும் ஒரு கடிதம் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை. கிளம்பும் நேரத்தில் கார்கள் மட்டும் அகன்றிருந்தன.

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். இப்படிப்பட்ட விடுதிகளுக்குத் தாராளமாகப் போங்கள், குளத்தில் நீந்துங்கள், ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுங்கள். ஆனால் போன அன்றே, கடலுக்குப் போகும் பொதுவழி எங்கே என்று ஒருதரம் கேளுங்கள். விருந்தாளி கேட்டால் விடுதிக்காரருக்கு உறைக்கும். என் புகார் ஒரே இரவில் வேலை செய்ததைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கடைசி நாள் ரசீதை வரிவரியாகச் சரிபார்த்தேன். அறை, வரி, இரண்டு காப்பி, ஒரு சலவை. கடலுக்கென்று ஒரு பைசாவும் போடவில்லை. போட அவர்களுக்கு உரிமையும் இல்லை.

அந்தப் புகார் சொன்ன விருந்தாளி யார் என்று இன்றுவரை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. மலர் வீட்டுக்கு வந்ததும் முதலில் படிப்பவள் அவள்தான். தெரிந்துகொள்ளட்டும்.