ஆலை மூடியது, ஏடு திறந்தது!

வேலை இழந்து நிற்பவனிடம் போய்ப் புத்தகம் படி என்பதா? பசித்த வயிற்றுக்குப் பாட்டும் கதையும் சோறாகுமா? இப்படிக் கேட்போர் உண்டு. கேள்வியிலே நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால், அந்தக் கேள்விக்கு விடையாக வாழ்ந்துகொண்டிருக்கும் ஓர் ஊரை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் தென்மேற்கு மூலையில், கடலை ஒட்டி இருக்கிறது விக்டவுன். மக்கள் தொகை ஏறத்தாழ ஆயிரம். பயணிகள் இரயில் 1950-லேயே நின்றுவிட்டது. பிறகு, ஊருக்குச் சோறு போட்ட பால் பதனிடும் ஆலை மூடப்பட்டது. பக்கத்துப் பிளாட்னாக்கில் 1817-ல் தோன்றிய விஸ்கி வடிக்கும் ஆலையும் 1993-ல் கதவடைத்தது. உழைத்த கரங்கள் ஓய்ந்தன. கடைகள் காலியாயின. இனி இந்த ஊர் எதற்கு என்று கேட்கும் நிலை!

முன்னுதாரணம் ஒன்று இருந்தது. வேல்ஸ் எல்லையிலே ஹே என்னும் சிற்றூரில் ரிச்சர்டு பூத் என்பவர் 1960-களின் தொடக்கத்திலே பழைய புத்தகக் கடைகளைத் திறந்தார். ஊரே புத்தகச் சந்தையாயிற்று. 1988-ல் அங்கே இலக்கிய விழாவும் பிறந்தது. அந்த வழியில், ஸ்காட்லாந்தின் புத்தக நகராவதற்குப் பல ஊர்கள் போட்டியிட்டன. வென்றது விக்டவுன்! 1998-ல் பட்டம் கிடைத்தது. 1999-ல் விழா தொடங்கியது.

ஆண்டுதோறும் செப்டம்பர் இறுதியில் தொடங்கிப் பத்து நாள் நடக்கிறது அந்த விழா. எழுத்தாளர் பேசுகிறார், வாசகர் கேட்கிறார், எழுந்து வினாவும் தொடுக்கிறார். சிறுவர்க்குத் தனி நிகழ்ச்சிகள். இசையும் உண்டு. ஊர் மக்களே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். வெளியூர் வாசகர் ஒருவர் வாடகை கொடுத்துத் தங்கி, ஒரு புத்தகக் கடையைத் தாமே சில நாள் நடத்திப் பார்க்கவும் அங்கே வசதி இருக்கிறது!

இன்னொன்று நம் நெஞ்சைத் தொடுகிறது. விழாவை ஒட்டி நடக்கும் கவிதைப் போட்டியில் ஆங்கிலத்துக்கு மட்டுமா பரிசு? இல்லை. ஸ்காட்ஸ் மொழிக்கும், கேலிக் மொழிக்கும் தனித்தனிப் பரிசு. ஆதிக்க மொழியின் நிழலிலே வாடிய மொழிகளுக்கு அங்கே மேடை இருக்கிறது, மாலையும் இருக்கிறது.

அதே ஊரின் தேவாலயத் தோட்டத்திலே பழைய கல்லறைக் கற்கள் நிற்கின்றன. மன்னனே திருச்சபைக்குத் தலைவன் என்று உறுதிமொழி கூற மறுத்த இரு பெண்களை, 1685-ல் கடலோரக் கம்பத்திலே கட்டி, ஏறிவரும் அலையிலே மூழ்கடித்த கொடுமையை அவை கூறுகின்றன. கருத்துக்காக உயிர் பறித்த மண்ணிலே இன்று கருத்தைக் கேட்கக் கூட்டம் கூடுகிறது. காலம் தானாகவா மாறிற்று? மனிதர் மாற்றினர்!

புத்தகம் வந்ததும் பொன்மாரி பொழிந்துவிட்டதா? இல்லை. அவ்வூர்ப் புத்தகக் கடைக்காரர் ஷான் பைத்தெல் 2017-ல் தம் நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார். நாள்தோறும் எத்தனை பேர் வாங்கினர், கல்லாவில் எவ்வளவு விழுந்தது என்று கணக்கு எழுதியிருக்கிறார். குளிர்காலத்துக் கணக்கு மெலிந்துதான் இருக்கிறது. பத்து நாள் விழா, ஆண்டு முழுதும் அடுப்பெரிக்காது. இழந்த ஆலைக்கு ஈடு ஆலைதான். அதைக் கேட்கும் உரிமையை எந்த விழாவுக்காகவும் உழைப்பாளி விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால், காலிக் கடைகள் திறந்தன. வெளியூரார் வந்தனர், தங்கினர், உண்டனர். விஸ்கி ஆலையும் கைமாறி 2017-ல் மீண்டும் வடிக்கத் தொடங்கியது. செத்த ஊர் என்று யாரும் இன்று அதைச் சொல்வதில்லை.

தோழர்களே! ஆலையை மூட முதலாளியின் ஒரு கையெழுத்துப் போதும். படிக்கத் தெரிந்த ஊரை மூட எந்தக் கையெழுத்தாலும் ஆகாது. உங்கள் தெருப் படிப்பகத்தின் விளக்கு இன்று மாலை எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால், ஏற்றுங்கள்!