படகில் சுடுநீர்: ஹீட்டரை வாங்குமுன் மின்சாரத்தைக் கணக்கிடுங்கள்

பேருவளை, பெந்தோட்டை, மிரிஸ்ஸ போன்ற இடங்களில் உல்லாசப் பயணிகளுக்காகப் படகு நடத்துவோர், கடலில் நீந்திவிட்டு ஏறும் விருந்தினர் குளிக்கச் சுடுநீர் வழங்க விரும்புவதுண்டு. 15 லீற்றர் ஹீட்டர் ஒன்றைக் கடையில் வாங்குவது இலகு. அதற்கான மின்சாரத்தைக் கடலில் எங்கிருந்து பெறுவது என்பதே கேள்வி.

28 பாகை செல்சியஸிலுள்ள 15 லீற்றர் நீரை 60 பாகைக்குச் சூடாக்க 0.56 அலகு மின்சாரம் தேவை. 1200 வொட் ஹீட்டருக்கு இது அரை மணி நேர வேலை. இந்நீரைப் பச்சைத் தண்ணீருடன் கலந்தால் 40 பாகையில் சுமார் 40 லீற்றர் கிடைக்கும். சிக்கனமாகக் குளித்தால் இருவருக்குப் போதும்.

வீட்டில் இது சிறு செலவு. படகின் 12 வோல்ட் பெட்டரிக்கோ பெரும் பாரம். இன்வர்ட்டர் மூலம் இந்த ஹீட்டரை இயக்கினால் பெட்டரியிலிருந்து 100 அம்பியருக்கு மேல் இழுக்கப்படும். ஒரு தாங்கி நீர் சூடாவதற்குள் சுமார் 50 அம்பியர்-மணி செலவாகிவிடும். 100 அம்பியர்-மணி ஈய அமில பெட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே இரண்டு பேரின் குளியலோடு அந்த பெட்டரி முடிந்துவிடும். பின்னர் விளக்குக்கும் வானொலித் தொடர்புக்கும் என்ன செய்வது?

கரையில் கட்டியிருக்கும்போது கரை மின்சாரத்தையும், கடலில் 2 கிலோவொட் மின்பிறப்பாக்கியையும் பயன்படுத்தலாம். ஆனால் மின்பிறப்பாக்கியை அறைக்குள் இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டு உயிரைப் பறிக்கும்.

மிகச் சிக்கனமான வழி எஞ்சின் சூடுதான். உள்ளே பொருத்திய, நன்னீரால் குளிரூட்டப்படும் டீசல் எஞ்சின் இருந்தால், அதன் சுடுநீரைத் தாங்கிக்குள் உள்ள சுருள் குழாய் வழியாக ஓடவிடலாம். வீணாகும் வெப்பத்திலேயே குளியல் நீர் சூடாகிவிடும். இவ்வகைத் தாங்கிகளில் மின் சூடேற்றியும் இருப்பதால், கரையில் மின்சாரமும் கடலில் எஞ்சினும் உதவும். வெளியே பொருத்தும் எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தாது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

தாங்கியை எஞ்சினுக்கு அருகில், தாழ்வான இடத்தில், அலையில் அசையாதபடி பட்டி போட்டு இறுக்குங்கள். அமுக்கம் கூடினால் திறக்கும் வால்வு கட்டாயம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச், தகரம் பூசிய பல இழைச் செப்பு வயர், முறையான புவித்தொடுப்பு ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். நீர் நிரப்பாமல் சுவிட்சைப் போட்டால் சூடேற்றி எரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் வோல்ட் அளவையும் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் ஹீட்டரை எமது 230 வோல்டில் இணைத்தால் மூன்றரை மடங்குக்கு மேல் சூடேறிக் கருகும்.

முதலில் தினமும் எத்தனை பேர் குளிப்பார்கள், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடும் என்று எழுதிப் பாருங்கள். எந்த ஹீட்டர் வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லிவிடும்.