பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஏற்ற தாங்கி



ஓடும் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுவோர் பலர். நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சிந்திப்போர் மிகச் சிலர். என்னைச் சிந்திக்கச் செய்தது ஒரு மாரிகாலத்து நிகழ்ச்சி.

என் தந்தையார் விட்டுச்சென்ற பி.எஸ்.ஏ. எம் 20 வண்டியைப் பாடசாலை வளவின் ஈரமணலிலே பக்கத் தாங்கியிற் சாய்த்துவிட்டு வகுப்பறைக்குச் சென்றேன். தாங்கியின் சிறிய பாதம் மெல்ல மெல்ல மணலுட் புதைந்தது; வண்டி சரிந்து விழுந்தது. அதன் விளக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன் ஒருவன் மணியோசை கேட்டு அப்பொழுதுதான் ஓடியிருந்தான். வண்டியின் நிறையோ ஏறத்தாழ 170 கிலோகிராம். கைபிடி வளைந்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அச்சிறுவனின் காலை எண்ணியே அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நாம் 'ஸ்டாண்ட்' என்று வழங்கும் தாங்கியின் தத்துவம் முக்காலியின் தத்துவமே. நிலத்தைத் தொடும் மூன்று புள்ளிகளுக்கு இடையே வண்டியின் பாரம் இறங்கும்வரை அது விழாது. அப்புள்ளிகளுள் ஒன்று புதைந்தாலோ நகர்ந்தாலோ நிலை கெடும்.

பழைய வண்டிகளிற் காணப்படும் தாங்கிகள் பெரும்பாலும் மூவகையின. முதலாவது பின் தாங்கி. இது பின்சில்லின் அச்சருகே பொருந்தியிருக்கும். வண்டியைப் பின்னோக்கி இழுத்து ஏற்றினால், பின்சில்லு நிலத்தை விட்டு உயரும். சில்லைக் கழற்றவும் சங்கிலிக்கு எண்ணெய் இடவும் இது மிகவும் உகந்தது. ஆயினும் ஏற்றுபவரின் முதுகு அதற்கு விலை கொடுக்க வேண்டும். இரண்டாவது நடுத் தாங்கி. இதனைக் காலால் மிதித்து உடற்பாரத்தைக் கொண்டு ஏற்றலாம். வண்டி நிமிர்ந்து நிற்கும். மூன்றாவது பக்கத் தாங்கி. கணப்பொழுதில் இறக்கலாம், ஆனால் இரு சில்லுகளும் நிலத்திலேயே இருப்பதால், சரிவில் வண்டி முன்னே உருண்டால் தாங்கி மடிந்துவிடும். ஆகவே மேட்டை நோக்கி நிறுத்தி, முதலாம் கியரில் விடுதல் நன்று.

இவற்றுள் எதைத் தெரிவது? நிலத்தையும் ஏற்றுபவரின் வலுவையும் கேட்டே தெரிய வேண்டும். இரவு முழுவதும் நிறுத்தவும் பழுது பார்க்கவும் பின் தாங்கியோ நடுத் தாங்கியோ வேண்டும். கடைவாசலிற் சிறிது நேரம் நிறுத்தப் பக்கத் தாங்கி போதும். வண்டியோடு பிறந்த தாங்கி இருப்பின் அதனைக் கழற்றி எறியாது, துணையாகவே மற்றொன்றைப் பூட்டுக.

புதிதாகப் பூட்டும் பக்கத் தாங்கியில் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பாதம் அகன்றிருத்தல் வேண்டும். மணலிலும் வெயிலில் இளகிய தாரிலும் அதன் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்தல் மேலும் நன்று. நீளம் அளவாயிருத்தல் வேண்டும்; மிகுந்தால் காற்றுக்கே வண்டி மறுபுறம் சாயும், குறைந்தால் பாரமெல்லாம் தாங்கியில் ஏறும். மடிந்த தாங்கியை இறுகப் பிடிக்கும் விற்சுருள் வேண்டும். தளர்ந்து தொங்கும் தாங்கி, இடப்புறம் திரும்பும்போது வீதியில் உராய்ந்து ஓட்டுபவரையே வீழ்த்திவிடும். நான்காவது, பூட்டும் முறை. அக்காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றின் சட்டகக் குழாய்கள் வார்ப்பிரும்பு மூட்டுகளிற் பித்தளை உருக்கி இணைக்கப்பட்டவை. அவற்றின் அருகே வெல்டிங் செய்தால், அவ்வெப்பத்தில் மூட்டே தளரக்கூடும். குழாயை முழுமையாகத் தழுவும் இறுக்கியே தக்கது. அதன்பின்னும் பக்கத் தாங்கியில் நிற்கும் வண்டியின்மேல் ஏறி உதைத்து இயக்குதல் ஆகாது.

நான் இப்பொழுது அகன்ற பாதமுள்ள பக்கத் தாங்கியொன்றைப் பூட்டியிருக்கிறேன். பலகைத் துண்டும் பையில் உண்டு. எனினும் பாடசாலை வளவில் மாத்திரம், முதுகு நொந்தாலும், பின் தாங்கியிலேயே ஏற்றுகிறேன். பழைய வண்டியைக் கண்டால் குழந்தைகள் அருகே வருவார்கள், வரட்டும். அவர்கள் தொட்டுப் பார்க்கையில் அது அசையாது நிற்கச் செய்வது நம் கடமை.