எதை எதோடு கலக்கலாம்?

இயற்கைப் பூச்சிமருந்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கின்றன. வேப்பெண்ணெயில் உள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்வதைத் தடுக்கிறது. சோப்புக் கரைசல் அசுவினி, மாவுப்பூச்சி போன்றவற்றின் மேல்தோலைச் சிதைத்து உடலின் ஈரத்தை வெளியேற்றுகிறது. பிவேரியா என்னும் பூஞ்சை பூச்சியின் உடல்மேல் முளைத்து உள்ளே வளர்ந்து கொல்கிறது. பி.டி. என்னும் பாக்டீரியா, புழு இலையோடு அதைத் தின்றால்தான் பலன் தரும். கந்தகமும் போர்டோ கலவையும் பூஞ்சை நோய்களுக்கானவை. இவற்றில் இரண்டை ஒரே வாளியில் கலந்தால் பலன் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பொருந்தாத கலவையில் ஒரு மருந்து இன்னொன்றைச் செயலிழக்கச் செய்யலாம், இலை கருகலாம், தோட்டத்துக்கு நன்மை செய்யும் உயிர்களும் சாகலாம்.

மார்த்தாண்டத்துக்கு வடக்கே, கேரள எல்லைக்கு அருகில் உள்ள அருமனைப் பகுதியில் இது கூடுதல் கவனம் கேட்கும் விஷயம். இங்கே ஒரே விளையில் தென்னை, அதில் படரும் நல்லமிளகுக் கொடி, ஏத்தன் வாழை, மரச்சீனி, பந்தலில் பயறும் புடலையும் எல்லாம் நெருங்கி நிற்கும். வேலிக்கு அப்பால் ரப்பர். மிளகுக் கொடிக்கு அடிக்கும் மருந்து புடலைப் பந்தலிலும் படும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் பூஞ்சை நோய்களும் அதிகம். அதற்கான மருந்துகளும் அதிகம் புழங்குகின்றன.

கந்தகமும் எண்ணெயும்

இயற்கை மருந்துகளில் சேரவே கூடாத ஜோடி இதுதான். சாம்பல் நோய்க்குக் கந்தகம் நல்ல மருந்து. வேப்பெண்ணெயும் தனியாக நல்ல மருந்து. இரண்டும் ஒரே இலையில் சேர்ந்தால், எண்ணெய் கந்தகத்தை இலையின் திசுக்களுக்குள் இழுத்துச் செல்கிறது. ஓரங்களில் தொடங்கும் கருகல் இலை முழுவதும் பரவுகிறது. ஒன்றை அடித்துக் குறைந்தது 2 வாரம் கழித்தே மற்றதை அடிக்க வேண்டும். மென்மையான செடிகளுக்கு ஒரு மாதம் விடுவது நல்லது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கந்தகத்தைத் தனியாகக்கூட அடிக்கக் கூடாது. வெள்ளரி, புடலை, பாகல் வகைகள் கந்தகத்தால் எளிதில் கருகும்.

ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் மாதங்களில், சாம்பல் நோயைத் தடுக்க ரப்பர் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவுவது உண்டு. காற்றில் வரும் அந்தத் தூள் பக்கத்து வீட்டுக் காய்கறிச் செடிகளிலும் படியும். வீட்டுக்காரர் கந்தகமே வாங்கியிருக்க மாட்டார். ஆனால் அந்த நாட்களில் வேப்பெண்ணெய் அடித்தால் பயற்றின் இலைகள் கருகக்கூடும். அருகில் தூள் தூவியது தெரிந்தால், எண்ணெய் மருந்தை 2 வாரத்துக்காவது தள்ளிப்போடுவதே சரி.

செம்பும் நுண்ணுயிர்களும்

போர்டோ கலவை 1880களில் பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் உருவாக்கியது. நல்லமிளகில் வரும் வாட்டல் நோய்க்கு இன்றும் அதுவே கைகண்ட மருந்து. 1 சதவீதக் கலவைக்கு 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தம் (செம்பு சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பளபளப்பாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சிறிது நேரம் முக்கிப் பார்த்தால் பதம் தெரியும். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் கட்டுப்படாத செம்பு மீதி இருக்கிறது என்று பொருள். நிறம் படியாதவரை சுண்ணாம்பு நீர் சேர்க்க வேண்டும். கலவையை அன்றன்றே அடித்துத் தீர்த்துவிட வேண்டும்.

செம்பை அடக்கி வைத்திருப்பது சுண்ணாம்புதான். புளித்த மோர், பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற புளிப்பான கரைசல்களை இதோடு கலந்தால் செம்பு விடுபட்டு இலையைச் சுட்டுவிடும். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, பிவேரியா போன்றவை உயிருள்ள மருந்துகள். செம்போடு கலந்தால் வாளியிலேயே செத்துப்போகும். வாங்கிய காசு வீண். கொடிக்குப் போர்டோ அடித்தால் 15 நாள் கழித்து டிரைக்கோடெர்மா கலந்த தொழுவுரத்தை மூட்டில் இடலாம். கந்தகத்துக்கும் பிவேரியா போன்ற உயிருள்ள பூஞ்சை மருந்துகளுக்கும் இடையிலும் இதே இடைவெளி வேண்டும்.

சோப்பு, சுண்ணாம்பு, சாம்பல்

அசாடிராக்டின் லேசான புளிப்பில் நிலைத்து நிற்கும். காரத்தில் விரைவாகச் சிதையும். பி.டி.யும் காரத் தண்ணீரில் வலுவிழக்கும். ஆகவே சுண்ணாம்பு நீர், சாம்பல் கரைசல், சமையல் சோடா ஆகியவற்றை இவற்றோடு கலக்கக் கூடாது. புளித்த மோரையும் சமையல் சோடாவையும் சேர்த்தால் நுரை பொங்கும். அந்த நுரையோடு இரண்டின் பலனும் போய்விடும். சோப்பு சுண்ணாம்போடும் உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீரோடும் சேர்ந்தால் திரிந்து திப்பியாகி, பம்பின் முனையை அடைக்கும். மழைநீரோ உப்பில்லாத கிணற்று நீரோ நல்லது.

வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்கச் சோப்பு தேவை. இது பொருந்தும் ஜோடி. கேரள வேளாண் பல்கலைக்கழகம் காய்கறிகளுக்குப் பரிந்துரைக்கும் வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் இதற்கு நல்ல உதாரணம். 10 லிட்டருக்கு 200 மில்லி வேப்பெண்ணெய், 200 கிராம் பூண்டு, 50 கிராம் பார் சோப்பு. சோப்பை அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, எண்ணெயில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கினால் பால்போல் வெளுக்கும். அரைத்த பூண்டின் சாற்றை வடிகட்டிச் சேர்த்து, மீதித் தண்ணீரை ஊற்றலாம். கரைத்த அன்றே அடிக்க வேண்டும். துணி துவைக்கும் சலவைத் தூள் கூடாது. அதன் காரம் தளிரைக் கருக்கும்.

புகையிலைக் கஷாயம்

இயற்கைப் பொருள் என்பதாலேயே ஒன்று நஞ்சில்லாததாகிவிடாது. புகையிலையில் உள்ள நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். தலைசுற்றலும் வாந்தியும் வரும். காய்ந்த புகையிலையில் உயிரோடு தங்கும் தேமல் வைரஸ் மிளகாய், தக்காளி, கத்தரிக்குத் தொற்றவும் வழியுண்டு. பறித்துச் சமைக்கும் செடிகள் நிற்கும் வீட்டுத் தோட்டத்தில் இதைத் தவிர்ப்பதே நல்லது; வேறு எந்தக் கரைசலோடும் இதைக் கலக்கவே கூடாது.

கலக்கும் வரிசையும் சோதனையும்

பொருந்தும் என்று தெரிந்தவற்றையும் வரிசைப்படி கலக்க வேண்டும். முதலில் வாளியில் பாதித் தண்ணீர். தூள் மருந்தைக் கொஞ்சம் நீரில் குழைத்து ஊற்ற வேண்டும். பிறகு இலைச்சாறு போன்ற கரைசல்கள். சோப்போடு கலந்த எண்ணெய் கடைசியில். அதன்பின் மீதித் தண்ணீர்.

புதிய கலவை என்றால், அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். திரிந்தாலும், அடியில் கட்டி படிந்தாலும், சூடேறினாலும், நுரைத்துப் பொங்கினாலும் அந்தக் கலவை ஆகாது. இப்படி எதுவும் ஆகாவிட்டால் ஒரு செடியின் நாலைந்து இலைகளில் மட்டும் அடித்து 2 நாள் பொறுக்க வேண்டும். இலை கருகாவிட்டால் மற்றச் செடிகளுக்கு அடிக்கலாம். மூக்கையும் வாயையும் மூடும் துணி, கையுறை, காற்று முகத்தில் அடிக்காதபடி நிற்பது ஆகியவை இயற்கை மருந்துக்கும் பொருந்தும். மீந்ததைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து.

தேனீக்களும் தோட்டத்துக் காவலர்களும்

மார்த்தாண்டம் வட்டாரத்தில் 1920களிலிருந்து தேனீ வளர்ப்பு வேரூன்றியிருக்கிறது. ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் புனரமைப்பு மையம் அதைக் குடும்பத் தொழிலாக வளர்த்தது. தை முதல் பங்குனி வரை ரப்பர் தளிரின் இலைக்காம்பில் சுரக்கும் தேனே இங்குள்ள பெட்டிகளை நிறைக்கிறது. சோப்பு, எண்ணெய்க் கரைசல்கள் நேரடியாக மேலே பட்டால் தேனீ சாகும். காய்ந்தபின் ஆபத்து வெகுவாகக் குறையும். எனவே தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிய பின் அந்தியில் அடிப்பதே முறை. வெயிலில் சிதையும் அசாடிராக்டினுக்கும் பி.டி.க்கும் ஈரம் தேடும் பிவேரியாவுக்கும் அந்தி நேரம்தான் உகந்தது. பூத்து நிற்கும் செடிகளை விட்டுவிட வேண்டும்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. அதை அடக்குவதில் எந்தக் கலவையையும்விட என்கார்சியா என்ற சிறு குளவி பெரும்பங்கு வகிக்கிறது. கண்டபடி மருந்து அடித்தால் ஈயைவிடக் குளவியே அதிகம் சாகும். வீட்டுத் தோட்டத்தில் முதல் வேலை, இலையைப் புரட்டிப் பார்த்து எந்தப் பூச்சி என்று அறிவது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியும், முட்டைக் குவியலை இலையோடு கிள்ளியும் போக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் அந்தப் பூச்சிக்குரிய ஒரு மருந்து. ஒரு வாரம் கழித்தும் பலன் இல்லாவிட்டால், உரிய இடைவெளி விட்டு வேறொரு மருந்து. இப்படி ஒவ்வொன்றாக அடித்து, எந்த நாளில் எதை அடித்தது என்பதைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைத்தால் பெரும்பாலான தோட்டங்களுக்குக் கலவையே தேவைப்படாது.