பழைய கணனிக்குப் புதிய வீ.ஜீ.ஏ. கார்ட்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

வீட்டுக் கணனியின் வீ.ஜீ.ஏ. கார்ட் பழுதாகிவிட்டால் கடைக்குப் போய், "இவ்வளவு ரூபாவுக்குள் நல்லதொரு கார்ட் தாருங்கள்" என்று கேட்பதே நம்மவர் வழக்கம். சரக்குக் கொள்வனவில் சதக் கணக்குப் பார்க்கும் வர்த்தகர்கள்கூட இதில் விலையை மட்டுமே பார்க்கிறார்கள். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கடைக்குப் போகுமுன் கணனிப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பதுதான். அது எதைத் தாங்கும் என்று தெரியாமல் வாங்கும் கார்ட், இன்னும் இரண்டு செலவுகளை இழுத்துக்கொண்டு வரும்.

கார்ட் அவசியமா?

பெரும்பாலான இன்டெல் புரொசசர்களில் படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. பழுதான கார்டைக் கழற்றிவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போர்டில் செருகிப் பாருங்கள். படம் வந்தால் கணக்கு வழக்கு, கடிதம், இணையம் ஆகியவற்றுக்கு அதுவே போதும். பிள்ளைகளின் விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்ற தேவை இருந்தால் மட்டும் கார்ட் தேடுங்கள்.

மின்சாரமும் இடமும்

மதர்போர்டின் பீ.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஆகக்கூடியது 75 வொட் தரும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வேண்டும். 6 பின் வயர் மேலும் 75 வொட்டும், 8 பின் வயர் 150 வொட்டும் கொடுக்கும். அலுவலகப் பாவனையிலிருந்து வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 போன்றவற்றின் சிறிய பெட்டியில் இருப்பது 240 வொட் பவர் சப்ளை. இவற்றுக்குத் தனி வயர் கேட்காத, உயரம் குறைந்த கார்டே பொருந்தும். 2019இல் வந்த ஜீ.டீ.எக்ஸ். 1650, 2024இல் வந்த ஆர்.டீ.எக்ஸ். 3050இன் 6 ஜிகாபைட் வகை ஆகியவற்றில் இத்தகையவை உண்டு.

மொனிட்டரையும் பாருங்கள். பழைய மொனிட்டரில் நீல நிற வீ.ஜீ.ஏ. துவாரம் மட்டுமே இருந்தால், புதிய கார்டுக்கு கொன்வேட்டர் ஒன்றும் வாங்க நேரிடும்.

ஒரே பெயர், இரண்டு சரக்கு

என்விடியாவின் ஜீ.டீ. 1030 கார்ட் 2017இல் ஜீ.டீ.டீ.ஆர். 5 நினைவகத்துடன் வந்தது. 2018இல் அதே பெயரில் டீ.டீ.ஆர். 4 நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. முன்னதன் நினைவக வேகம் செக்கனுக்கு 48 ஜிகாபைட். பின்னதில் ஏறக்குறைய 17 மட்டுமே. அரிசி மூட்டையை முத்திரையை மட்டும் பார்த்து வாங்குவோமா? இங்கும் நினைவகத்தின் வகையைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாவித்த கார்ட்

2022 செப்டெம்பரில் ஈதரியம் எனும் மின்னணு நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் முறையைக் கைவிட்டது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பழைய கார்டின் பயோஸை மாற்றி, உயர்ந்த ரகத்தின் பெயரைக் காட்ட வைக்கும் மோசடியும் உண்டு. ஜீ.பீ.யூ. இசட் என்ற இலவச மென்பொருள் என்விடியா கார்டுகளில் இந்தப் போலியை அடையாளம் காட்டக்கூடியது. பணம் கொடுக்குமுன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஜீ.டீ.எக்ஸ். 1050 போன்ற 1000 வரிசைக் கார்டுகளுக்கு வழமையான டிரைவர் வெளியீடுகளை என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை என அறிவித்துள்ளது. விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள். விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: சரக்கின் குறையைச் சொல்லி விற்பது மார்க்கம் நம்மீது விதித்த பொறுப்பு. கார்ட் எங்கே, எப்படி ஓடியது என்பதும் அதில் அடங்கும்.

மொத்தக் கணக்கு

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறைப் புரொசசராவது வேண்டும். உங்கள் கணனி அதற்கும் முந்தியது என்றால், கார்டின் விலையோடு பவர் சப்ளை, கொன்வேட்டர் செலவுகளையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை பாவித்த நல்ல கணனி ஒன்றின் விலையை நெருங்கினால், கணனியையே மாற்றிவிடுவதுதான் இலாபம்.