ஒழுகும் படகும் உலோகத்தின் இயல்பும்

படகில் நீர் ஊறுவதைக் கண்டதும் நம்மவர் முதலில் தேடுவது இறைப்பதற்கு ஒரு பேணியை. அடுத்துத் தேடுவது பூசுவதற்குச் சிறிது தாரை. பலகைப் படகுக்கு இவை ஓரளவு உதவும். நீரில் ஊறிய பலகை உப்பி, சிறு இடைவெளியைத் தானே நெருக்கிக்கொள்ளும். அலுமினியத் தகட்டுக்கோ அக்குணம் இல்லை. அதன் ஒழுக்கு பெருகுமேயன்றித் தானாக அடைபடாது.

மட்டக்களப்பிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகச் சென்றால் உன்னிச்சைக் குளத்தை அடையலாம். அங்கே மீன் பிடிக்கும் ஒருவர் பழைய அலுமினியப் படகொன்றை வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு இலேசானது; இருவர் சேர்ந்து கரையேற்றிவிடலாம். ஆயினும் விடியற்புறம் வலையை இழுக்கும்போது கணுக்கால் அளவு நீர் நிற்கிறது. படகு சற்றுச் சரிந்தால் அந்நீர் முழுவதும் சரிந்த பக்கத்துக்கே ஓடும். சரிவு மேலும் மிகும். வலையும் மீனும் ஏறிய படகு அந்நிலையில் கவிழ்ந்துவிடக்கூடும். ஆதலின் ஒழுக்கை அடைப்பது பணத்தைப் பற்றிய காரியம் மட்டுமன்று. உயிரைப் பற்றிய காரியமுமாகும்.

முதலில் ஒழுக்கு எங்கே என்று அறிதல் வேண்டும். புகுந்த நீர் பள்ளமான இடத்தில் சென்று தேங்குவதால், உள்ளே பார்த்து இடத்தைக் கூற இயலாது. படகைக் கரையேற்றி, கட்டைகளின் மேல் நன்றாகத் தாங்கி நிறுத்தி, உள்ளே நீர் ஊற்றுங்கள். வெளிப்புறத்தில் நீர் கசியும் இடங்களை வெண்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். 5 சென்றிமீற்றர் உயரத்துக்கு நீர் போதும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் அவ்வளவு நீரின் எடையே 50 கிலோகிராம் ஆகும். மேலும் நிரப்பினால் பழைய தகடு வளைந்துவிடும்.

குறித்த இடங்களைப் பார்த்தால், குற்றம் பெரும்பாலும் மூன்று வகையாக இருக்கும். முதலாவது, தகடுகளைப் பொருத்திய தறையாணி தளர்ந்திருத்தல். ஒருவர் ஆணியின் தலைப்பக்கம் கனத்த இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபக்கம் சுத்தியலால் அடித்தால் அது இறுகும். இறுகாவிடில் துறப்பணத்தால் அதனை அகற்றி, சற்றுப் பருத்த அலுமினிய ஆணியை அறைதல் வேண்டும். நடுவே துளையுள்ள ஆணி உதவாது. அத்துளை வழியே நீர் வரும்.

இரண்டாவது வெடிப்பு. அதன் இரு முனைகளிலும் 3 மில்லிமீற்றர் அளவில் துளையிட்டால் வெடிப்பு மேலும் ஓடாது. அதன்பின் நீர்காப்புப் பசையை இட்டு, அலுமினியத் துண்டொன்றை ஒட்டாக வைத்துத் தறையலாம். மூன்றாவது, அரிப்பினால் உண்டாகும் ஊசித்துளைகள். அங்கே படிந்திருக்கும் வெண்பொடியை நீக்கி, தகட்டைச் சுரண்டிச் சுத்தமாக்கி, தாமதியாமல் எபொக்சிப் பசையைப் பூசுதல் நன்று. தாமதித்தால் காற்றுப்பட்டு ஒட்சைட்டுப் படலம் வளர்ந்து, பசையின் பிடிப்பைக் குறைத்துவிடும். கண்ணாடிநார்ப் படகுகளுக்கு வழக்கமாகப் பூசும் பொலியெஸ்டர்ப் பிசின் அலுமினியத்தில் நிலையாக ஒட்டாது.

காய்ச்சி இணைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும்; அதன் மேலுள்ள ஒட்சைட்டுப் படலமோ 2,000 பாகைக்கு மேல்தான் உருகும். ஆகவே இரும்பை ஒட்டும் முறையில் இதனை ஒட்ட முயன்றால், படலம் நிற்க, உள்ளிருக்கும் தகடு உருகி ஓட்டையாகும். ஆர்கன் வாயுவைக் கொண்டு ஒட்டும் பயிற்சியுடையோரிடமே இவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. அலுமினியத்தில் செப்பாணியோ பித்தளைத் திருகாணியோ இடலாகாது. இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு உப்புநீரில் கிடந்தால் அங்கே ஒரு மின்கலமே அமைந்துவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியமே. அமெரிக்காவில் டிஃபெண்டர் என்னும் பாய்க்கப்பலின் அடிப்பாகத்தை வெண்கலத்தாலும் மேற்பாகத்தை அலுமினியத்தாலும் அமைத்தனர். 1895ஆம் ஆண்டில் அது அமெரிக்கக் கிண்ணப் போட்டியில் வென்றது. ஆயினும் அரிப்பு மிகுந்தமையால் 1901இல் உடைத்தெறியப்பட்டது.

உன்னிச்சைக் குளத்து நன்னீரில் இத்தீங்கு மெதுவாகவே நிகழும். அதே படகை மட்டக்களப்பு வாவிக்குக் கொண்டுசென்றால் நிலைமை வேறு. பாலமீன்மடு முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் கலக்கும் வாவி அது. வலையின் ஈயக்குண்டுகள் படகினடியில் உப்புநீரோடு கிடந்தாலும் அவ்விடம் அரிக்கும். ஆதலால் தொழில் முடிந்ததும் வலையை வெளியே எடுத்து, படகை நன்னீரால் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

தார் பூசினால் ஒழுக்கு மறையும். அதன் காரணம் மறையாது. காரணத்தைக் கண்டு அடைத்தவர், வலையை இரு கைகளாலும் இழுக்கலாம். பேணிக்கென ஒரு கையை ஒதுக்கவேண்டியதில்லை.